தோள் முதல் விரல் நுனி வரை: கை எலும்புகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

நர்சிங், பிசியோதெரபி, சித்த மருத்துவம், எம்.பி.பி.எஸ். என எதில் சேர்ந்தாலும் முதலாண்டு உடற்கூற்றியல் வகுப்பில் மேசைமேல் வரும் முதல் எலும்புகள் பெரும்பாலும் தோளையும் கையையும் சேர்ந்தவையாகவே இருக்கும். ஒரு பக்கத்துக்கு 32 எலும்புகள். காறை எலும்பு ஒன்று, தோள்பட்டை எலும்பு ஒன்று, மேற்கையில் ஒன்று, முன்கையில் இரண்டு, மணிக்கட்டில் எட்டு, உள்ளங்கையில் ஐந்து, விரல்களில் பதினான்கு. இரு பக்கமும் சேர்த்தால் 64. வளர்ந்தவரின் உடலில் உள்ள 206 எலும்புகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இங்கேயே முடிந்துவிடுகிறது.

புதிதாக வருபவர்கள் பெயர்ப் பட்டியலை இரவெல்லாம் உருப்போட்டுவிட்டு, மறுநாள் எலும்பைக் கையில் கொடுத்ததும் எந்தப் பக்கம் மேல் என்று தெரியாமல் விழிக்கிறார்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள் என்பதுதான் நான் மாணவர்களிடம் விடாமல் சொல்வது. முதலில் உங்கள் தோலுக்கு மேலே விரலை வைத்துத் தேடுங்கள். அடுத்து உலர்ந்த எலும்பை எடுங்கள். புத்தகத்தைக் கடைசியில் திறங்கள். இந்த எலும்புகளில் பெரும்பாலானவை விரலுக்கு எட்டும் ஆழத்தில் இருப்பவை. விரல் ஒருமுறை அறிந்த இடத்தைத் தேர்வு அறையின் பதற்றம்கூட மறக்கடிக்காது.

தொடங்கும் முன்

நிமிர்ந்து நின்று, கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, உள்ளங்கைகளை முன்பக்கமாகத் திருப்புங்கள். இதுதான் உடற்கூற்று நிலை. இப்போது கட்டைவிரல் வெளிப்பக்கம், சுண்டுவிரல் உள்பக்கம். உடலின் நடுக்கோட்டை நோக்கி இருப்பது உள், அதிலிருந்து விலகி இருப்பது வெளி. எந்த எலும்பின் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் இந்த நிலையை மனத்தில் வைத்தே சொல்ல வேண்டும். கையைச் சற்றே திருப்பிவிட்டாலும் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகிவிடும். நீங்கள் சொல்லும் பக்கமெல்லாம் தவறாகும்.

பெயர்களைப் பொறுத்தவரை, தமிழ்ப் பெயரையும் வகுப்பறையில் புழங்கும் பெயரையும் சேர்த்தே பழகுங்கள். தமிழில் படித்துவிட்டு வந்தோமே என்று கூச வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ் வழியில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியல் நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். எலும்பைத் தமிழில் புரிந்துகொள்வது புது முயற்சி ஒன்றுமில்லை.

எலும்பு செட் பற்றி ஒரு வார்த்தை. சீனியர்களிடமிருந்து கைமாறி வரும் செட்டில் உண்மை எலும்புகள் இருந்தால், அவை ஒரு மனிதருடையவை என்பதை மறக்காதீர்கள். மேசைமேல் வீசுவது, விளையாட்டுக்காகப் படம் எடுப்பது எல்லாம் கூடாது. மனித எலும்புகளின் ஏற்றுமதியை இந்தியா 1985இல் தடை செய்தது. அதற்கு முன் உலகின் பல மருத்துவக் கல்லூரிகளில் பாடம் சொன்னவை இங்கிருந்து போன எலும்புகளே. இப்போது பிளாஸ்டிக் மாதிரிகள் பரவிவிட்டன. வடிவத்தைப் பழக அவை போதும். ஆனால் தசை ஒட்டும் சொரசொரப்பும், இரத்தக் குழாய் நுழையும் சிறு துளையும் அவற்றில் மழுங்கியிருக்கும். ஆகவே துறையில் உள்ள உண்மை எலும்பை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்டு வாங்கிப் பாருங்கள்.

முதல் படி: உங்கள் உடலில் ஒரு சுற்று

கழுத்தின் அடியில், நடுவில், ஒரு குழி இருக்கிறதல்லவா? அதில் வலக்கை ஆட்காட்டி விரலை வையுங்கள். குழியின் இருபுறமும் உருண்டு நிற்பவை காறை எலும்புகளின் உள்முனைகள். இடப்பக்க முனையைப் பிடித்துக்கொண்டு வெளிப்புறமாக நகருங்கள். எலும்பு முதலில் முன்னோக்கி வளைந்து வரும். பாதி தாண்டியதும் பின்னோக்கி உள்வாங்கும். அந்த வளைவு மாறும் இடத்தில் ஒரு நொடி நில்லுங்கள். காறை எலும்பு முறிந்தால் பெரும்பாலும் முறிவது அந்தப் பகுதியில்தான்.

இன்னும் நகர்ந்தால் ஒரு சிறு மேடு, அதை அடுத்து ஒரு தட்டையான எலும்பு. மேடு காறை எலும்பின் வெளிமுனை. தட்டையானது தோள்பட்டை எலும்பின் அக்ரோமியன். விரலை எடுக்காமல் அக்ரோமியன் வழியே தோளின் பின்புறம் போங்கள். அது ஒரு முகடாக முதுகை நோக்கி இறங்கும். அதுதான் தோள்பட்டை எலும்பின் ஸ்பைன். முதுகெலும்புக்கு அருகே அந்த முகடு மறையும் இடம் மூன்றாம் மார்பு முள்ளெலும்பின் உயரத்தில் இருக்கும். தோள்பட்டை எலும்பின் கீழ்க்கோணம் உங்கள் கைக்கு எட்டாது. நண்பர் ஒருவரைத் தொடச் சொல்லுங்கள். அது ஏழாம் மார்பு முள்ளெலும்பின் உயரம். அவர் தொட்டுக்கொண்டிருக்கும்போதே கையை மெல்ல மேலே தூக்குங்கள். கீழ்க்கோணம் அக்குள் பக்கமாக நகர்ந்து போவது அவருக்குத் தெளிவாகத் தெரியும். கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் 180 பாகையில் ஏறத்தாழ 120 தோள் மூட்டின் பங்கு, மீதி 60 தோள்பட்டை எலும்பு திரும்புவதால் வருவது.

முன்பக்கம் வாருங்கள். காறை எலும்பின் வெளிப்பகுதிக்குக் கீழே, இரண்டு விரற்கடை அளவு தள்ளி, தோளுக்கும் மார்புக்கும் இடையிலான பள்ளத்தில் அழுத்தினால் ஆழத்தில் ஒரு கடினமான முனை தட்டும். அழுத்தினால் சற்று வலிக்கவும் செய்யும். அது கோரக்காய்டு. இதுவும் தோள்பட்டை எலும்பின் பகுதிதான் என்பது முதல்முறை தொடுபவர்களுக்கு வியப்பாக இருக்கும். முதுகில் இருக்கும் எலும்பு நெஞ்சுப் பக்கம் வரை நீண்டு வந்து நிற்கிறது.

அக்ரோமியனின் ஓரத்துக்குச் சற்றுக் கீழே, தோளின் வெளிப்புறத்தில் விரலை அழுத்திக்கொண்டு, முழங்கையை மடித்து முன்கையை உள்ளும் வெளியுமாக வீசுங்கள். விரலுக்கு அடியில் ஓர் எலும்பு உருளும். அது மேற்கை எலும்பின் பெரும் புடைப்பு. தோளின் உருண்டை வடிவத்துக்குக் காரணம் இதுவும் இதன் மேலுள்ள டெல்டாய்டு தசையும். தோள் மூட்டு நழுவியவர்களுக்கு, “தோள் இறங்கிவிட்டது” என்று வீட்டில் சொல்வார்களே, அவர்களுக்கு இந்த உருண்டை காணாமல் போய் அக்ரோமியன் மட்டும் கூராகத் துருத்தி நிற்கும். எக்ஸ்ரேவுக்கு முன்பே கண் சொல்லிவிடும்.

நர்சிங் மாணவர்களுக்கு இந்த இடம் இன்னும் முக்கியம். தடுப்பூசி போடும்போது அக்ரோமியனின் ஓரத்தை முதலில் தொட்டுக் கண்டுபிடித்து, அதிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, தசையின் தடித்த நடுப்பகுதியில் ஊசி இறங்க வேண்டும். மிக மேலே போட்டால் மூட்டைச் சுற்றிய பகுதிக்குப் போய்விடும். மிகக் கீழே போனால் நரம்பு இருக்கிறது.

இந்தச் சுற்றை ஒரு வாரம் தினமும் செய்துவிட்டு எலும்பைக் கையில் எடுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

இரண்டாம் படி: காறை எலும்பும் தோள்பட்டை எலும்பும்

எந்த எலும்பு கொடுத்தாலும் தேர்வில் முதல் கேள்வி, வலதா இடதா என்பதுதான். அடுத்தது, அதை உங்கள் உடல்மேல் சரியாகப் பிடித்துக் காட்டுங்கள் என்பது. இரண்டுக்கும் மூன்று அடையாளங்கள் போதும்.

காறை எலும்பில், அதாவது கிளாவிக்கிளில், தடித்து உருண்ட முனை உள்பக்கம், தட்டையான முனை வெளிப்பக்கம். உள்பக்க மூன்றில் இரண்டு பங்கு முன்னோக்கிப் புடைத்திருக்க வேண்டும். நீளவாக்கில் ஒரு பள்ளம் ஓடும் பரப்பு கீழே இருக்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துவந்தால் எலும்பு தானாகவே தன் பக்கத்தைச் சொல்லிவிடும்.

இந்தச் சிறிய எலும்புக்குத் தனிச் சிறப்புகள் உண்டு. தாயின் வயிற்றில் ஐந்தாம் ஆறாம் வாரத்திலேயே எலும்பாகத் தொடங்குவது இதுதான். உடலிலேயே முதல் எலும்பு. ஆனால் அதன் உள்முனை முழுதாக ஒட்டி முடிவது இருபதுகளின் நடுவில். வயதைக் கணிக்கும் தடயவியல் மருத்துவர்கள் அந்த முனையைக் கவனிப்பது இதனால்தான். கைக்கும் உடலின் நடுக்கூட்டுக்கும் இடையே உள்ள ஒரே எலும்பு மூட்டும் அந்த உள்முனையில்தான் இருக்கிறது. மற்றபடி தோள் முழுவதையும் முதுகோடும் மார்போடும் சேர்த்துப் பிடித்திருப்பவை தசைகள்.

காறை எலும்பு முறிந்து வருபவரைக் கவனியுங்கள். முறிந்த பக்கத்து முழங்கையை மறுகையால் ஏந்திக்கொண்டே உள்ளே வருவார். யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்வதில்லை. வெளித்துண்டைக் கையின் எடை கீழே இழுக்கிறது. உள்துண்டைக் கழுத்துத் தசை மேலே இழுக்கிறது. ஏந்திப் பிடித்தால் வலி குறைகிறது. எலும்பில் எது எங்கே ஒட்டுகிறது என்று படிப்பதன் பயன் இப்படிப்பட்ட நேரத்தில் தெரியும்.

தோள்பட்டை எலும்பை, ஸ்கேப்புலாவை, பார்த்ததும் பயப்படுபவர்கள் அதிகம். மூன்று கோணம், மூன்று ஓரம், இரண்டு பரப்பு, மூன்று நீட்சி என்று பட்டியல் நீளும். ஆனால் முதல் படியில் நீங்கள் தொட்டவைதான் அதில் பாதி. ஸ்பைன் பின்பக்கம் வரும்படியும், மூட்டுக்குழி வெளிப்பக்கம் வரும்படியும், கூர்கோணம் கீழே வரும்படியும் பிடியுங்கள். கோரக்காய்டு முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான். விலா எலும்புகளில் இரண்டாவது முதல் ஏழாவது வரை இது மறைத்து நிற்கிறது என்று சேர்த்து நினைவில் வையுங்கள்.

அந்த மூட்டுக்குழியை, கிளீனாய்டை, சற்று நேரம் பாருங்கள். ஆழமே இல்லை. மேற்கை எலும்பின் தலையை அதில் வைத்துப் பாருங்கள். தலையின் சிறு பகுதிதான் குழியில் படும். இடுப்பு மூட்டோடு ஒப்பிட்டால் இது திறந்த வெளி. அதனால்தான் கையை எந்தத் திசையிலும் சுழற்ற முடிகிறது. அதனால்தான் உடலின் பெரிய மூட்டுகளில் அதிகம் நழுவுவதும் இதுவே. பெரும்பாலும் முன்பக்கமாக நழுவும்.

மூன்றாம் படி: மேற்கை எலும்பு

ஹியூமரஸ் என்று வகுப்பில் அழைக்கப்படும் இந்த எலும்பிடம் நிதானமாக நேரம் செலவிடுங்கள். இதைப் புரிந்துகொண்டால் மேற்கையின் நரம்புகள் பாதி புரிந்துவிடும்.

பக்கம் காண: உருண்டைத் தலை மேலே, உள்நோக்கி. கீழ்முனையில் முன்னும் பின்னும் குழிகள் உண்டு. அவற்றில் பெரியதும் ஆழமானதும் பின்பக்கம். இவை இரண்டே போதும்.

தலையை ஒட்டி ஓடும் ஆழமற்ற வரம்பு உடற்கூற்றுக் கழுத்து. பெரும் புடைப்பு, சிறு புடைப்பு இரண்டுக்கும் கீழே தண்டு குறுகும் இடம் சர்ஜிக்கல் நெக், அறுவைக் கழுத்து. உண்மையில் முறிவது இரண்டாவதுதான். வயதானவர்கள் விழும்போது அடிக்கடி இங்கே முறியும். இந்தக் கழுத்தைப் பின்னாலிருந்து சுற்றிக்கொண்டு ஆக்ஸிலரி நரம்பு போகிறது. அது அடிபட்டால் டெல்டாய்டு செயலிழக்கும், தோளின் வெளிப்புறத் தோலில் உணர்ச்சி மங்கும்.

இரண்டு புடைப்புகளுக்கும் இடையே ஒரு பள்ளம் இருக்கிறது. பைசெப்ஸ் தசையின் நீண்ட தலையின் தசைநாண் அதில்தான் ஓடுகிறது. உங்கள் சுட்டுவிரலை அந்தப் பள்ளத்தில் வைத்து மேலும் கீழும் உருட்டிப் பாருங்கள். உயிருள்ள உடலில் அந்தத் தசைநாண் எப்படிப் படிந்திருக்கும் என்பது விரலுக்குப் புரியும்.

தண்டின் நடுவில், வெளிப்புறம், ஒரு சொரசொரப்பான மேடு. டெல்டாய்டு வந்து ஒட்டும் இடம். எலும்பைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். மேலிருந்து கீழாக, உள்ளிருந்து வெளியாகச் சாய்வாக இறங்கும் ஆழமற்ற ஒரு வாய்க்கால் தெரியும். பிளாஸ்டிக் மாதிரியில் பெரும்பாலும் தெரியாது. உண்மை எலும்பை விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் நிழல் விழும். அதில் ரேடியல் நரம்பு எலும்போடு ஒட்டிப் போகிறது. தண்டின் நடுவில் முறிந்தவரிடம் மருத்துவர் முதலில் “மணிக்கட்டை மேலே தூக்குங்கள்” என்று கேட்பது இந்த வாய்க்காலை நினைத்துத்தான். நரம்பு அடிபட்டிருந்தால் மணிக்கட்டு தொங்கிப்போகும். நாற்காலியின் கைப்பிடிமேல் மேற்கையைப் போட்டுக்கொண்டு ஆழ்ந்து உறங்கிவிட்டவர்களுக்கும் இப்படி வருவதுண்டு.

கீழ்முனைக்கு வந்தால், வெளிப்பக்கம் ஓர் உருண்டை, கேபிட்டுலம். உள்பக்கம் நடுவில் பள்ளமிட்டுச் சுற்றி வரும் டிராக்லியா. கிணற்றுக் கப்பியைப் பார்த்தவர்களுக்கு இந்த வடிவத்தை விளக்கவே வேண்டாம். கப்பியில் கயிறு போல, முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பான அல்னாவின் கொக்கி இதைப் பற்றிக்கொண்டு முழங்கையை மடக்கி நீட்டுகிறது. இருபக்கமும் துருத்தும் மேடுகள் எபிகாண்டைல்கள். உள்பக்கத்தது பெரிது. அதன் பின்னால் உள்ள பள்ளத்தில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை மின்சாரம் பாய்ந்தது போலச் சுரீரென்கிறதே, அங்கே போவது அல்னார் நரம்பு.

ஆக, ஒரே எலும்பில் மூன்று இடங்கள், மூன்று நரம்புகள்: அறுவைக் கழுத்தில் ஆக்ஸிலரி, நடுத்தண்டின் பின்னால் ரேடியல், உள் எபிகாண்டைலின் பின்னால் அல்னார். வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அதற்காகப் படிக்காவிட்டாலும் நோயாளிக்காகப் படியுங்கள்.

குழந்தைகள் விழும்போது முறிவது பெரும்பாலும் எபிகாண்டைல்களுக்குச் சற்று மேலே. அந்த இடத்தின் முன்னால் மேற்கைத் தமனி ஓடுகிறது. முறிந்த எலும்பின் முனை அதை அழுத்தலாம். வீங்கிய கையில் போடும் இறுக்கமான கட்டும் இரத்த ஓட்டத்தை நிறுத்தலாம். விரல்கள் வெளுத்துக் குளிர்ந்துபோவதும், மடங்கிய விரல்களை நிமிர்த்தினால் குழந்தை அலறுவதும் ஆபத்தின் அறிகுறிகள். சில மணி நேரம் தாமதித்தால் முன்கைத் தசை செத்து, விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போகும். வோல்க்மன் சுருக்கம் என்று பாடத்தில் வருவது இதுதான். வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால், கட்டுப்போட்ட கையின் விரல் நுனிகளை அடிக்கடி பாருங்கள். இந்த அறிகுறிகள் தெரிந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

நான்காம் படி: முழங்கையும் முன்கையும்

முழங்கையை 90 பாகைக்கு மடக்கி, பின்னாலிருந்து மூன்று விரல்களை வையுங்கள். இரண்டு எபிகாண்டைல்கள்மேல் ஒவ்வொன்று, நடுவில் முழங்கை முனையான ஒலிக்ரேனன்மேல் ஒன்று. மூன்றும் சேர்ந்து முக்கோணம். இப்போது கையை நீட்டுங்கள். மூன்றும் ஒரே நேர்க்கோட்டுக்கு வந்துவிடும். மூட்டு விலகினால் இந்த முக்கோணம் குலையும். குழந்தைகளுக்கு நேர்வதுபோல எபிகாண்டைல்களுக்கு மேலே முறிந்தால் முக்கோணம் குலையாது, ஏனென்றால் மூன்று புள்ளிகளும் முறிவுக்குக் கீழே சேர்ந்தே இருக்கின்றன. விரல் மூன்றால் இரண்டையும் பிரித்தறியும் இந்த வழி எனக்கு மிகவும் பிடித்தது.

முன்கையின் இரண்டு எலும்புகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு விதி: கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், அதாவது ஆரை எலும்பு, சுண்டுவிரல் பக்கம் அல்னா. ரேடியஸ் மேலே சிறியது, கீழே அகன்றது. அல்னா மேலே பெரியது, கீழே ஒடுங்கியது. முழங்கையில் முக்கியமானது அல்னா, மணிக்கட்டில் முக்கியமானது ரேடியஸ். ரேடியஸின் தலை மேல்முனையில், அல்னாவின் தலை கீழ்முனையில். இந்தத் தலை விஷயத்தில் தடுமாறுபவர்கள் ஏராளம்.

அல்னாவைக் கொக்கி முன்னோக்கிப் பார்க்கும்படி பிடித்து, கூரான நீள ஓரம் வெளிப்பக்கம் வருகிறதா என்று சரிபாருங்கள். ரேடியஸில் கூரான ஓரம் உள்பக்கம், கீழ்முனையில் கீழ்நோக்கி நீளும் ஸ்டைலாய்டு முனை வெளிப்பக்கம், தசைநாண்கள் ஓடும் பள்ளங்கள் பின்பக்கம். இரண்டின் கூரான ஓரங்களும் ஒன்றையொன்று பார்க்கும். அவற்றுக்கு இடையே ஒரு சவ்வு விரிந்திருக்கிறது.

இப்போது உங்கள் கைக்கு வாருங்கள். ஒலிக்ரேனனிலிருந்து மணிக்கட்டு வரை அல்னாவின் பின்னோரத்தை ஓர் இடம்கூட விடாமல் தோலுக்கு அடியில் தொட்டுக்கொண்டே போகலாம். தடியடியைத் தடுக்கக் கையைத் தூக்குபவர்களுக்கு இந்த எலும்பு முறிவதற்குக் காரணம் அதன் மேல் தசை மூடாததே. அடுத்து, வெளி எபிகாண்டைலுக்குச் சற்றுக் கீழே, பின்புறமுள்ள சிறு பள்ளத்தில் விரலை அழுத்தி, உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புங்கள். ரேடியஸின் தலை விரலடியில் சுழலும். அல்னா ஏறத்தாழ அசையாமல் நிற்க, ரேடியஸ் அதைச் சுற்றிக் குறுக்காகப் போய் வருவதால்தான் சாவியைத் திருப்பவும் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகவும் முடிகிறது.

ரேடியஸின் தலையை ஒரு நார் வளையம் பிடித்திருக்கிறது. நான்கைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கையைப் பிடித்துச் சடாரென்று தூக்கினால் தலை அந்த வளையத்திலிருந்து நழுவக்கூடும். குழந்தை கையை அசைக்காமல் வைத்துக்கொள்ளும். பஸ் ஏறும் அவசரத்தில் குழந்தையை ஒற்றைக் கையில் இழுக்காதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்ல வேண்டியது மருத்துவத் துறையில் இருக்கும் அனைவரின் கடமை.

ஐந்தாம் படி: மணிக்கட்டு

எட்டு எலும்புகள், இரண்டு வரிசை. கட்டைவிரல் பக்கத்திலிருந்து எண்ணுங்கள். முன்கையை ஒட்டிய வரிசையில் ஸ்கேஃபாய்டு, லூனேட், டிரைக்வெட்ரல், பிசிஃபார்ம். விரல்கள் பக்கத்து வரிசையில் டிரபீசியம், டிரபிசாய்டு, கேபிடேட், ஹாமேட். முதலெழுத்துகளைக் கோத்த வாசகங்கள் விடுதிகளில் நிறையப் புழங்குகின்றன. வேண்டுமானால் பயன்படுத்துங்கள், ஆனால் அந்த வாசகத்தால் எலும்பு இருக்கும் இடம் தெரியாது.

கட்டைவிரலை நன்றாக நீட்டி வெளியே இழுங்கள். மணிக்கட்டின் வெளிப்பக்கத்தில் இரண்டு தசைநாண்கள் எழும்பி, நடுவில் ஒரு முக்கோணக் குழி விழும். மூக்குப்பொடிக் குழி என்று இதைச் சொல்வார்கள். குழியின் அடியில் விரல் நுனியை அழுத்துங்கள். முன்கைப் பக்கமாக ரேடியஸின் ஸ்டைலாய்டு முனை தட்டும். அதைத் தாண்டியதும் இருப்பது ஸ்கேஃபாய்டு. கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தால் அது விரலை நோக்கி எழுந்து வரும். ரேடியல் தமனியின் துடிப்பும் அங்கே படலாம்.

மணிக்கட்டில் அதிகம் முறிவது இந்த எலும்புதான். கிரிக்கெட்டில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கையை ஊன்றி விழுந்த இளைஞர், வீக்கமும் பெரிதாக இல்லாமல், சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாட்களைக் கடத்துவார். முதல் எக்ஸ்ரேவில் முறிவு தெரியாமலும் போகலாம். குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால், முறிவு இருக்கிறது என்றே கருதிக் கையை அசையாமல் வைத்து, 10 முதல் 14 நாள் கழித்து மீண்டும் படம் எடுப்பார்கள். இவ்வளவு கவனம் ஏன்? ஸ்கேஃபாய்டுக்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையிலிருந்து முன்கைப் பக்கமாக ஓடுகிறது. நடுவில் முறிந்தால் முன்கைப் பக்கத் துண்டுக்கு இரத்தம் நின்று, அது செத்துப்போகலாம். மணிக்கட்டு ஆயுள் முழுவதும் வலிக்கும். ஒரு விரல் நுனியின் அழுத்தத்தில் இதைத் தடுத்துவிட முடியும்.

மற்ற ஏழில் மூன்றைத் தொட்டுப் பழகினால் போதும். உள்ளங்கையின் அடியில், சுண்டுவிரல் பக்கம், மணிக்கட்டு மடிப்பில் பட்டாணி அளவில் தட்டுவது பிசிஃபார்ம். கையைத் தளர்த்தி மடக்கினால் பக்கவாட்டில் அசையும். அதிலிருந்து சற்று உள்ளங்கைக்குள், மோதிரவிரலை நோக்கி ஆழமாக அழுத்தினால் ஹாமேட்டின் கொக்கி. கட்டைவிரலின் அடியில் டிரபீசியம். அதற்கும் கட்டைவிரலின் உள்ளங்கை எலும்புக்கும் இடையிலான மூட்டுதான் கட்டைவிரலை மற்ற எல்லா விரல்களையும் தொட வைக்கிறது. ஊசியில் நூல் கோப்பதும் பேனா பிடிப்பதும் அதன் தயவு. எட்டில் மிகப் பெரியதான கேபிடேட் நடுவில் நிற்கிறது.

உள்ளங்கைப் பக்கம் இந்த எலும்புகள் ஒரு வளைவாக நிற்க, குறுக்கே ஒரு தடித்த நார் மூடுகிறது. இடையிலுள்ள சுரங்கத்தில் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் நெருக்கிக்கொண்டு போகின்றன. இரவில் விரல்கள் மரத்துப்போய் எழுந்து கையை உதறும் பெண்களை உங்கள் வீட்டிலேயே பார்த்திருப்பீர்கள். பல நேரம் காரணம் இந்தச் சுரங்கத்தின் நெருக்கடி.

உள்ளங்கை எலும்புகளும் விரல் எலும்புகளும் எளிது. கட்டைவிரலுக்கு இரண்டு விரல் எலும்புகள், மற்ற நான்குக்கும் மும்மூன்று. முஷ்டியை மடக்கும்போது எழும் முட்டிகள் விரல் எலும்புகள் அல்ல, உள்ளங்கை எலும்புகளின் தலைகள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். சுவரைக் குத்தியவர்களுக்கு முறிவது சுண்டுவிரலுக்குரிய ஐந்தாவது உள்ளங்கை எலும்பின் கழுத்து.

ஆறாம் படி: கையை ஊன்றி விழுந்தால்

தனித்தனியாகப் படித்த எலும்புகளைச் சேர்த்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஒருவர் வழுக்கி, கையை ஊன்றி விழுகிறார். அதிர்ச்சி உள்ளங்கையிலிருந்து ஸ்கேஃபாய்டு, லூனேட் வழியாக ரேடியஸுக்கு வருகிறது. முன்கைச் சவ்வு வழியாக அதில் ஒரு பங்கு அல்னாவுக்குப் போகிறது. அங்கிருந்து ஹியூமரஸ், தோள்பட்டை எலும்பு, கோரக்காய்டிலிருந்து காறை எலும்புக்குப் போகும் நார்கள், காறை எலும்பு, கடைசியாக மார்பெலும்பு. எலும்புகளை மேசைமேல் இந்த வரிசையில் அடுக்கி, விரலால் பாதையைத் தொடர்ந்து போங்கள்.

பாதை எல்லோருக்கும் ஒன்றுதான். எங்கே முறியும் என்பதை வயது பெரிதும் முடிவு செய்கிறது. சிறு குழந்தைக்குக் காறை எலும்பு அல்லது முழங்கைக்கு மேலே, இளைஞருக்கு ஸ்கேஃபாய்டு, மாதவிடாய் நின்ற, எலும்பு மெலிந்த பெண்களுக்கு ரேடியஸின் கீழ்முனை. இந்தக் கடைசி முறிவை டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் கோலிஸ் 1814இல் விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895இல். எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, கையின் தோற்றத்தையும் விரலின் உணர்வையும் மட்டும் வைத்து, இது மணிக்கட்டு விலகல் இல்லை, எலும்பு முறிவு என்று அவர் எழுதினார். நீங்களும் ஒன்று சரிபாருங்கள்: இயல்பான கையில் ரேடியஸின் ஸ்டைலாய்டு முனை அல்னாவுடையதைவிட ஏறத்தாழ 1 செ.மீ. கீழே இருக்கும். இந்த முறிவில் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும்.

குழந்தைகளின் எக்ஸ்ரே பார்க்கத் தொடங்கும்போது கவனம் தேவை. அவர்களின் முழங்கையில் எலும்பின் பல பகுதிகள் இன்னும் குருத்தெலும்பாக இருப்பதால் படத்தில் தெரியாது. கேபிட்டுலம் 1 வயதளவில், ரேடியஸ் தலை 3, உள் எபிகாண்டைல் 5, டிராக்லியா 7, ஒலிக்ரேனன் 9, வெளி எபிகாண்டைல் 11 என்று தோராயமாக இரண்டிரண்டு ஆண்டு இடைவெளியில் ஒவ்வொன்றாகத் தோன்றும். எலும்பு நீளமாக வளரும் குருத்தெலும்புப் பட்டையான வளர்தட்டின் கறுப்புக் கோட்டை முறிவு என்று நினைக்காமலிருக்க, மறுகையையும் படம் எடுத்து ஒப்பிடும் வழக்கம் உண்டு.

பழகும் முறை

ஒரு துணிப்பையில் காறை எலும்பு, ஹியூமரஸ், ரேடியஸ், அல்னா நான்கையும் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுங்கள். பெயர், பக்கம், மேல்முனை மூன்றையும் சொல்லிவிட்டு, உங்கள் உடல்மேல் சரியாகப் பிடித்த பிறகே கண்ணைத் திறங்கள். நண்பர் சரிபார்க்கட்டும். தசை ஒட்டும் இடங்களைக் குறிக்க வழக்கப்படி தொடக்கத்துக்குச் சிவப்பு, முடிவுக்கு நீலச் சாக்பீஸ் பயன்படுத்துங்கள். கல்லூரி எலும்பு என்றால் கேட்டுவிட்டுச் செய்து, துடைத்துக் கொடுங்கள்.

நீள எலும்புகளின் தண்டில் இரத்தக் குழாய் நுழையும் துளையைத் தேடி, ஈர்க்குச்சியின் மெல்லிய முனையை நுழைத்துப் பாருங்கள். ஹியூமரஸில் அது முழங்கையை நோக்கிக் கீழே சாயும். ரேடியஸிலும் அல்னாவிலும் முழங்கையை நோக்கி மேலே சாயும். வளர்ச்சி அதிகம் நடக்கும் முனை அதற்கு எதிர்ப்பக்கம், அதாவது தோளிலும் மணிக்கட்டிலும்.

ஒரு நாளைக்கு ஓர் எலும்பு போதும், ஹியூமரஸுக்கு மட்டும் இரண்டு நாள் கொடுங்கள். வார இறுதியில் ஏழெட்டு எலும்புகளைச் சேர்த்துத் திருப்புவதைவிட, தினமும் காலையில் ஐந்து நிமிடம் முதல் படியின் சுற்றைச் செய்துவிட்டு அன்றைய எலும்பைத் தொடங்குவது மேல். விடுதியில் அறைத்தோழர் ஒருவரின் தோளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒல்லியானவர், பருமனானவர், ஜிம்முக்குப் போகிறவர் என ஒவ்வொருவரிடமும் கோரக்காய்டு வேறு ஆழத்தில் கிடைக்கும். வார்டில் நோயாளியைத் தொடும் நாள் வரும்போது விரலுக்கு அது பழகியிருக்க வேண்டும்.